வகுப்பறையை விட்டு வெளியே வந்த வாத்தியார்

1964இல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இரண்டு மூன்று சின்ன வரிகள் உண்டு. ‘வட்டார வழக்கு’ என்று போட்டு இரண்டொரு சொல்லுக்குப் பொருள். ‘சேகரித்தவர்’ என்று போட்டு ஒரு பெயர். ‘இடம்’ என்று போட்டு ஓர் ஊர் அல்லது வட்டாரம். எஸ்.எம். கார்க்கி, சிவகிரி. எஸ்.எஸ். போத்தையா, விளாத்திகுளம். எம்.பி.எம். ராஜவேலு, தூத்துக்குடி. சேலம் பக்கத்திலிருந்து கு. சின்னப்ப பாரதி, வாழப்பாடி சந்திரன். படிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஓர் ஆசிரியரின் செல்வாக்கு எங்கே தங்குகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான்.

தொகுப்பாசிரியர் நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1940களில் ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். கம்யூனிஸ்ட் கட்சியோடும் விவசாயிகளோடும் நெருங்கியபின் அந்த உத்தியோகத்தில் நீடிக்கவில்லை. பள்ளி வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். எந்தக் கல்லூரியிலும் நிரந்தரப் பேராசிரியர் பதவி வகித்தவரில்லை. ஆனாலும் நெல்லைச் சீமையில் பேராசிரியர் என்று மொட்டையாகச் சொன்னால் ஒரு தலைமுறைக்கு அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

தாமிரவருணிக் கரைக்கு ஆசிரியப் பெருமை புதிதன்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் தொடங்கி, பாதிரிமார் நடத்திய பள்ளிகள், பெண் கல்விக்காக எழுந்த சாராள் தக்கர் பள்ளி, பார்வையற்றோர்க்கும் செவித்திறன் அற்றோர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திறந்த பள்ளிகள் என்று அந்த ஊருக்கு நீண்ட கணக்கு உண்டு. சீவலப்பேரிக்குக் கொஞ்சம் மேற்கே ஆற்றோரத்தில் இருக்கும் ராஜவல்லிபுரத்தில் 1896இல் பிறந்தவர் ரா.பி. சேதுப்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் தொடங்கி, செப்பறை மடத்தின் அருணாசல தேசிகரிடம் நீதிநூல்களும் திருமுறைகளும் பாடம் கேட்டு, சேவியர் பள்ளிக்கும் இந்துக் கல்லூரிக்கும் போனவர். தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்திய அக்காதெமி விருது, 1955இல், அவருடைய ‘தமிழின்பம்’ நூலுக்குத்தான். அந்த மரபில் ஆசிரியர் பாடத்தைக் கொடுப்பார், மாணவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி, மெருகேற்றி, மேடையில் வைப்பார். அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. வானமாமலை நடத்திய பாடம் வேறு ஜாதகம் கொண்டது. அவர் மாணவர்களிடம் கொடுத்ததைவிட அவர்களிடமிருந்து கேட்டு வாங்கியது அதிகம்.

தனிப்பயிற்சிக் கல்லூரி என்றால் என்ன என்பதை இன்றைய வாசகருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு ஒரு பெரிய சல்லடை. ஆங்கிலத்திலும் கணக்கிலும் தவறியவர்கள் அதில் தங்கிவிடுவார்கள். அப்படித் தவறியவர்களும், வேலை பார்த்துக்கொண்டே தனியாகத் தேர்வு எழுத நினைத்தவர்களும் வந்து சேரும் இடம்தான் டுடோரியல். கெட்டிக்காரப் பிள்ளைகளை வாங்கிக் கெட்டிக்காரப் பிள்ளைகளாகவே திருப்பித் தரும் வசதி அங்கே கிடையாது. புரியாதவனுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத வாத்தியார் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. வானமாமலையின் உரைநடையில் இருக்கும் அந்தத் தெளிவு, சுற்றி வளைக்காத நேர்ச்சொல், இந்தப் பட்டறையில் அடித்து உருவானது என்றே நினைக்கிறேன்.

வேதியியல் படித்தவர் என்பதும் சாதாரண விஷயமில்லை. ‘இரும்பின் கதை’, ‘ரப்பரின் கதை’ போன்ற சிறு நூல்களை இளைஞர்களுக்காக எழுதினார். இரும்பு என்றால் உலையும் தாதுவும் மட்டுமில்லை, அதை உருக்கியவன் யார், அதனால் எந்தச் சமூகம் எதை வென்றது என்பதும் அவருக்குப் பாடம். உயர் கல்வியைத் தமிழில் தர முடியுமா என்று 1960களில் பெரிய விவாதம் நடந்தபோது ‘தமிழில் முடியும்’ என்ற தலைப்பிலேயே ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். முடியும் என்று மேடையில் முழங்குவதோடு நிறுத்தாமல், அறிவியல் துறைகளைத் தமிழில் எழுதியே காட்டுகிற தொகுப்பு அது. வகுப்பில் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுகிற பழக்கம் அவரை விடவேயில்லை.

இந்த மனிதர் பாட்டுச் சேகரிக்கப் போனதுதான் பலருக்கும் வியப்பு. நாட்டார் பாடல் சேகரிப்பு அவரோடு தொடங்கியதாகச் சொல்வது சரியாகாது. சார்லஸ் கோவர் 1871லேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேர்த்துவைத்த பாடல்கள் கி.வா. ஜகந்நாதனின் பதிப்பில் ‘மலையருவி’யாக 1958இல் வந்தன. அவற்றில் பாட்டின் இனிமை முன்னால் நிற்கும். வானமாமலை பாட்டை ஓர் ஆவணமாகவும் பார்த்தார். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1959இல் ‘தாமரை’ இதழைத் தொடங்கினார், 1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் உருவானது. அந்தச் சூழலில் கிராமத்துப் பாட்டை எழுதியெடுப்பது அரசியல் கடமை என்ற எண்ணம் இளைஞர்களிடம் வேரூன்றியது. எழுதியெடுப்பதை முறையாகச் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தவர் இந்த முன்னாள் வாத்தியார்.

அந்த ஒழுங்கு எளிமையானது. பாடியபடி எழுது. சொல்லைத் திருத்தாதே. எந்த ஊரில் கிடைத்தது என்று குறி. வெளியூர்க்காரனுக்குப் புரியாத சொல்லுக்குப் பொருள் போடு. உன் பெயரையும் போடு. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். சேகரித்தவர்களில் பலர் பட்டம் பெற்ற ஆய்வாளர்களில்லை. போத்தையா தங்கம்மாள்புரத்துப் பள்ளி ஆசிரியர். சின்னப்ப பாரதி விவசாய இயக்கத்தில் இருந்தவர், பின்னால் நாவலாசிரியராக அறியப்பட்டவர். இவர்கள் அனுப்பியதை வாங்கித் தன் பெயரில் மட்டும் அச்சிட்டிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பெரிய பதிப்புகள் பலவற்றில் ஏடு எழுதிக் கொடுத்த கைகளின் பெயர் இன்றுவரை தெரியாது. இவரோ ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பெயரைத் தனித்தனியாகப் பதித்தார். விளாத்திகுளம் கரிசலில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் அச்சில் தன் பெயரை ‘சேகரித்தவர்’ என்று பார்க்கும்போது அவருக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அடுத்த பாட்டைத் தேடிப் போவார். போத்தையா போகத்தான் செய்தார். பாட்டு, சொலவடை, கதை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார்.

அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை ஒரு பெரிய காரியம் நடந்தது. அரசு அமைத்த நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ந்து, ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் படித்த 50,000 பிள்ளைகளை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பியது. பாட்டி சொன்ன கதை, கைவைத்தியம், ஊர்ப் பெயரின் காரணம், விளையாட்டு என்று பிள்ளைகள் கேட்டு நோட்டில் எழுதி வந்தார்கள். ஏழு லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தது. இன்று அதை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் படிக்கலாம். அங்கே அரசாங்கம் இருந்தது, சுற்றறிக்கை இருந்தது, நோட்டுக்குக் காசு இருந்தது. நெல்லையில் இருந்தது ஒரு டுடோரியல் வாத்தியாரும் அவரை நம்பிய சில பேரும். அளவில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் அங்கே கல்வித் துறை முழுவதும் சேர்ந்து கண்டுகொண்ட ஓர் உண்மையை, வீட்டுப் பெரியவரின் வாயிலிருந்து வருவதும் பாடம்தான் என்பதை, இவர் தனியாளாகக் கண்டுகொண்டு நடைமுறைக்கும் கொண்டுவந்தார்.

1967இல் நெல்லை ஆய்வுக் குழு தொடங்கியது. 1969இல் ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழ். பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே, எந்த அறக்கட்டளைப் பணமும் இல்லாமல், தத்துவமும் மானிடவியலும் வரலாறும் நாட்டார் இலக்கியமும் பேசும் ஓர் இதழ் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது என்பது இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. குழுவின் நடைமுறை இதுதான்: ஒருவர் கட்டுரை எழுதி வந்து வாசிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்விக்கு ஈடுகொடுத்து நிற்கும் கட்டுரை, திருத்தங்களோடு இதழுக்குப் போகும். ஆசிரியர், மாணவர், அலுவலகங்களில் வேலை பார்த்தவர், கட்சி ஊழியர் எல்லாரும் அதில் இருந்தார்கள். கட்டுரை வாசித்தவர் எம்.ஏ.வா, எஸ்.எஸ்.எல்.சி.யா என்று பார்க்கப்படவில்லை. ஆதாரம் எங்கே என்றுதான் பார்க்கப்பட்டது.

ஆ. சிவசுப்பிரமணியன், எஸ். தோதாத்ரி போன்றோர் இந்தக் களத்திலிருந்து வந்தவர்கள். பொன்னீலன் வானமாமலையோடு நெருங்கிப் பழகியவர். பள்ளிக் கல்வித் துறையிலேயே பணியாற்றிய அவர் எழுதிய ‘கரிசல்’ நாவலில் கரிசல்காட்டுக் கிராமமும் பள்ளிக்கூடமும் பின்னிக் கிடப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இலங்கையில் கைலாசபதியும் சிவத்தம்பியும் இவரோடு தொடர்ந்து உரையாடினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இவருக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டம் அளித்தது. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களும் முழுக்கக் கைவிடவில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை வரிசையாக வெளியிட்டது: ‘வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல்’, ‘முத்துப்பட்டன் கதை’, ‘காத்தவராயன் கதைப்பாடல்’, ‘கான்சாகிபு சண்டை’, ‘ஐவர் ராசாக்கள் கதை’.

இவற்றில் ‘முத்துப்பட்டன் கதை’யைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தாமிரவருணியின் தலைமாட்டில், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மாவட்டமே அங்கே கூடும். அந்த வளாகத்தில் பட்டவராயனுக்கு ஒரு சன்னதி. பக்தர்கள் அங்கே தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கோவில் வாசலில் கழற்றிவிட்டுப் போகும் பொருளையே சாமிக்குப் படைக்கும் இந்த வழக்கத்துக்குப் பின்னால்தான் அந்தக் கதை இருக்கிறது. முத்துப்பட்டன் பிராமண இளைஞன். அண்ணன்மாரோடு பிணங்கி மலையாளத்து அரசனிடம் சேவகம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் பெண்கள் இருவரைக் கண்டு காதல் கொள்கிறான். பெண்களின் தகப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறான்: குடுமியையும் பூணூலையும் அறுத்தெறி, செருப்புத் தை, எங்களில் ஒருவனாக இரு. முத்துப்பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாணம் ஆகிறது. கிடை மாட்டைக் காக்கப் போன இடத்தில் கொள்ளைக்காரரோடு போரிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் சிதையேறுகிறார்கள்.

வானமாமலை இந்தக் கதையின் பல வடிவங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தார். சில வடிவங்களில் ஒரு முன்கதை ஒட்டப்பட்டிருந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள். காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று அந்த முன்கதை சொல்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் கதையின் முதுகெலும்பே முறிந்துவிடும். சாதியை உதறிப் போன ஒருவனின் கதை, விதிவசத்தால் சொந்தச் சாதிப் பெண்களையே மணந்தவனின் கதையாகிவிடும். இந்த ஒட்டுவேலை பிற்காலத்தது, மேல்சாதியினரின் மனச்சங்கடத்தைத் தீர்ப்பதற்காகச் செய்யப்பட்டது என்று அவர் காட்டினார். எந்த வடிவம் முந்தியது, எது மாறியது, அந்த மாற்றத்தால் யாருக்கு நிம்மதி? இந்த மூன்று கேள்விகளும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடியவை. ஒரு முறை இவற்றைக் கற்றுக்கொண்டவன் பிறகு எந்தத் தலபுராணத்தையும் குலக்கதையையும் முன்போலப் படிக்க முடியாது.

உதாரணத்துக்குச் சீவலப்பேரியை எடுத்துக்கொள்வோம். இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1994இல் வந்த திரைப்படம். அடுத்தது சுடலைமாடன் கோவில். தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். தாமிரவருணியோடு சிற்றாறு வந்து கலக்கும் இந்த இடம்தான் ‘முக்கூடற்பள்ளு’வின் முக்கூடல். அதன் பாட்டுடைத் தெய்வமான அழகரும் இங்கேதான் குடியிருக்கிறார். கதைத் தலைவனான குடும்பனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. மருதூர் வெறும் கற்பனைப் பெயரில்லை. தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழாவது மருதூர் அணைக்கட்டு. சீவலப்பேரியைத் தாண்டிய தண்ணீர் அங்கே தேங்கி மேலக்காலிலும் கீழக்காலிலும் பிரிந்து போகிறது. மூத்தவள் பெருமாள் பக்கம், இளையவள் சிவன் பக்கம். ஒருத்தி சாமியை மற்றவள் இழுத்துப் பேசும் ஏச்சைப் பள்ளியில் நயமாக நடத்தினார்கள், நாமும் கைதட்டிச் சிரித்தோம்.

வானமாமலையின் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே பள்ளுவைப் புரட்டினால் வேறு விஷயங்கள் எழுந்து வருகின்றன. நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை, ஏரின் உறுப்பு என்று அடுக்கிச் செல்லும் பகுதிகளை வருணனை என்று கடந்துவிடாமல், ஒரு வேளாண் தொழில்நுட்பத்தின் இருப்புப் பட்டியலாகப் படிக்கலாம். இந்த அறிவு யாருடையது? சேற்றில் நிற்கும் பள்ளனுடையது. பண்ணைக்காரன் அங்கே என்ன செய்கிறான்? கணக்குக் கேட்கிறான், தண்டிக்கிறான். குடும்பனைத் தொழுவில் மரக்கட்டையில் மாட்டிவைக்கிறான். பண்ணைக்காரனைக் கேலிப்பாத்திரமாக வரைந்த புலவர் யாருடைய மனநிலையிலிருந்து அப்படி வரைந்தார்? உழுகிறவனின் வாழ்க்கையைப் பாடப் புகுந்து அவனையே நகைப்புக்கு ஆளாக்கிய இடங்கள் எவை? ஆற்றில் வெள்ளம் வருவதைப் பாடும் புகழ்பெற்ற பகுதியை மனப்பாடம் செய்த மாணவன், அந்த வெள்ளம் யாருடைய வயலுக்கு முதலில் பாயும் என்று கேட்கத் தொடங்கினால் இலக்கிய வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். நாங்குநேரிக்காரர் ஒருவர் எழுப்பிய கேள்விக்குச் சீவலப்பேரியில் இவ்வளவு வேலை இருக்கிறது.

சுடலைமாடனிடம் வரும்போது காரியம் அத்தனை சுலபமில்லை. இங்கே அவருடைய சட்டகம் திணறுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சுடலையின் கதை கயிலாயத்தில் விளக்குச் சுடரில் பிறப்பதில் தொடங்குகிறது. பிறந்த பிள்ளை சுடுகாட்டுப் பிணத்தைத் தின்கிறது. அதனால் மேலுலகில் வைத்துக்கொள்ள முடியாமல் பூலோகத்துக்கு அனுப்பப்படுகிறது. அதுவரை கதை ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பதுபோல் இருக்கும். பிறகு மலையாளத்தில் மந்திரவாதி காளிப் புலையனோடு மோதல். மாடன் அவனுடைய கருவுற்ற மகளையே பலியாகக் கேட்டு வாங்குகிறான். எளிய மக்களின் தெய்வம், எளியவரிலும் எளியவராக வைக்கப்பட்ட ஒருவரின் மகளைப் பலிகொள்ளும் கதையை ‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்க முடியுமா? முத்துப்பட்டனைத் திறந்த சாவி இந்தப் பூட்டுக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. வானமாமலை கதைப்பாடலை ஒரு பனுவலாக, அச்சிட்டுப் படிக்கக்கூடிய எழுத்தாகக் கையாண்டார். கொடைவிழா நடக்கிற இரவில் கோவில் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அது எழுத்தில் முழுதாக அகப்படாது. வில்லுப்பாட்டு என்றால் வில்லில் வீசுகோல் விழுகிறது, குடத்தில் பத்தி விழுகிறது, உடுக்கு அதிர்கிறது. அண்ணாவி ஓர் அடியை எடுத்துக் கொடுக்க உடன்பாடுகிறவர் வாங்கித் திருப்புகிறார். சாமி வரும் நேரம் நெருங்கியதும் கதை ஓட்டம் நின்று வரத்துப் பாட்டு தொடங்குகிறது. மகுடம் அடிக்கும் கணியான் கூத்துக்காரர்கள் என்றால் உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களின் உரையாடல்தான் சாமியை இறக்கும். நடுச்சாமத்தில் கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் கைவெட்டும் அதில் உண்டு. பாட்டின் எந்தப் பகுதி எப்போது வெட்டப்படும், எது நீளும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இரவில் ஆடிக்கொண்டிருக்கும் சாமியாடி, கோமரத்தாடிதான். வானமாமலையின் பதிப்புகளில் இந்த இரவு இல்லை.

இதை அவர்மேல் சுமத்தும் குற்றமாக நான் வைக்கவில்லை. 1980 பிப்ரவரியில் அவர் மறைந்தபின், அதே பாளையங்கோட்டையில், தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் தனித் துறையாக வளர்ந்தது. தே. லூர்து போன்றவர்கள் பனுவலைவிட நிகழ்த்துதல் முக்கியம் என்றார்கள். யார் பாடுகிறார், யார் கேட்கிறார், எந்தச் சடங்கின் நடுவே என்று குறிக்காத தொகுப்பு அரைகுறை என்றார்கள். வகைமை, கட்டமைப்பு என்று உலக ஆய்வுமுறைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். வானமாமலையின் மார்க்சிய விளக்கம் சில இடங்களில் அவசரமானது என்று நேராகவே எழுதினார்கள். நாகர்கோவில் பக்கம் அ.கா. பெருமாள் வில்லிசைக் கதைகளைப் பல வடிவங்களோடு பதிப்பித்தார். அமெரிக்கரான ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் குமரிப் பகுதி வில்லுப்பாட்டை நிகழ்த்துதல் நோக்கில் ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்டார்.

ஒரு வாத்தியாரின் செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகத் தேடுவது நன்றிப் பெருக்கை. மாணவர் மேடையேறி, இன்று நான் இப்படி இருக்கக் காரணம் என் ஆசிரியர் என்று கண்கலங்குவது நமக்குப் பழகிய காட்சி. அது உண்மையான உணர்ச்சிதான். ஆனால் என்னைக் கேட்டால், ஆசிரியரைத் திருத்தும் மாணவரிடம்தான் அந்த ஆசிரியர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார். ஆதாரம் கேள், ஊரைக் குறி, மாற்றத்தைக் கவனி என்று சொல்லிக்கொடுத்தவரிடமே ஆதாரம் போதவில்லை என்று சொல்வதற்கு அவர் கொடுத்த பயிற்சிதான் வேண்டியிருக்கிறது. அவருடைய வாக்கியங்களை மேற்கோளாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தவர்களால் அவர் ஆய்வு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் ஆ. சிவசுப்பிரமணியன். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். வானமாமலையைத் தன் ஆசானாகச் சொல்லத் தயங்காதவர். ஆனால் அவர் போன பாதையைப் பாருங்கள். உப்பைப் பற்றி எழுதினார். கிறித்தவத்துக்குள் சாதி எப்படி நுழைந்து உட்கார்ந்தது என்று எழுதினார். ஆஷ் கொலையைச் சுற்றிப் படிந்திருந்த மேடைக் கதைகளைக் கலைத்து ஆவணங்களோடு எழுதினார். வாய்மொழி வழக்காறுகளை வரலாற்றுச் சான்றாக நிறுத்தி அடித்தள மக்கள் வரலாறு என்று ஒரு துறையையே தமிழில் நிலைநிறுத்தினார். ஆசிரியர் ‘கதைப்பாடல்’ என்று எடுத்த இழையை மாணவர் பழமொழிக்கும், சமையலறைக்கும், கல்லறைக்கும் கொண்டுபோனார். பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன் நேரடி மாணவரில்லை. அவருக்கு வழிகாட்டிகள் வேறு. ஆனால் ‘அழகர் கோயில்’ ஆய்வில் கோவிலுக்கும் அதைச் சுற்றியுள்ள சாதிகளுக்கும் உள்ள உறவை அவர் கேட்டறிந்த விதத்தையும், ‘அறியப்படாத தமிழக’த்தில் உப்பும் எண்ணெயும் தாலியும் பண்பாட்டு வரலாறாக மாறியதையும், வானமாமலை உழுதுபோட்ட நிலத்துக்கு வெளியே வைத்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பள்ளிகளுக்கு இதிலிருந்து என்ன வந்தது என்று பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சுகிறது. நாட்டார் இலக்கியம் பாடப் புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டது. கல்லூரியில் தாளாக இருக்கிறது, வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருகிறது. மாணவர் தாலாட்டின் இலக்கணத்தை எழுதுகிறார். வீட்டில் பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதி வா என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. பாடம் மீண்டும் மேலிருந்து கீழே இறங்கும் பொருளாகிவிட்டது. வானமாமலை திருப்பிவிட்ட திசையை நாம் பழையபடியே திருப்பிக்கொண்டோம்.

சீவலப்பேரி போன்ற ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை எடுத்துக்கொண்டால், அவர்கள் வீடுகளில் சுடலைமாடன் கதை ஒரே மாதிரி சொல்லப்படாது. எந்தத் தெருவில் காளிப் புலையன் வில்லனாகிறான், எந்தத் தெருவில் ஏமாற்றப்பட்டவனாகிறான், மகளின் பலி எங்கே விரிவாகப் பாடப்படுகிறது, எங்கே அவசரமாகக் கடக்கப்படுகிறது என்று எழுதி வரச்சொன்னால் ஒரு பருவத்துக்குள் கைக்குக் கிடைக்கும் ஆவணம் எந்த முனைவர் பட்டத்துக்கும் சளைத்ததாக இராது. சாதிப் பூசல் எழும் என்று தலைமையாசிரியர் தயங்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட, நெல்லை மாவட்டத்துப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூடச் சண்டையாகிறது. அதனால்தான் இதை நடத்தத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். எல்லா வடிவங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவர் மனமும் நோகாமல், எது எப்போது மாறியது என்று மட்டும் கேட்க வைக்கும் பயிற்சி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இன்று கிடையாது. அதற்கு ஒரு பாடத்தாள் அமைக்க வேண்டுமானால் ‘முத்துப்பட்டன் கதை’யின் பதிப்பிலிருந்தே தொடங்கலாம்.

உடனே செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. வானமாமலைக்குப் பாட்டு அனுப்பிய சேகரிப்பாளர்கள் எழுதிய மூலக் கையெழுத்து நோட்டுகள், குழுக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டு இதழில் இடம்பெறாத கட்டுரைகள், வந்து போன கடிதங்கள் என்று ஏதாவது ஒரு வீட்டின் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்குமானால், அவற்றைப் பழைய காகிதக்காரருக்குப் போடுவதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அச்சில் வந்த பாட்டுக்கும் நோட்டில் இருந்த பாட்டுக்கும் இடையே என்ன விடுபட்டது என்பதை அந்தக் கையெழுத்தில்தான் பார்க்க முடியும். பாடிய பெண்களின் பெயர்களும் அதில் இருக்கக்கூடும்.